நீல விளக்கும் பலவேசத்தின் எடையும்

மலையடிவாரத்து நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு நீல விளக்கு வந்து சேர்ந்த வருஷத்தில்தான், சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்த பலவேசம், நோயாளிகளுக்கு முட்டை கொடுக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி முட்டையைத் தின்றுகொண்டிருக்கும்போதே கட்டிலை விட்டு மெல்ல எழும்பி, மின்விசிறிக்குத் தலையைச் சாய்த்து வழிவிட்டு, கூரையில் போய் முதுகை ஒட்டிக்கொண்டு, மீதி முட்டையையும் அங்கேயே தின்று முடித்தான்.

அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆவுடையப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், அண்ணாந்து பார்த்து, "ஏ பலவேசம், கீழ எறங்குடே, விசிறி அடிச்சிரப் போவுது" என்று சொல்லிவிட்டுத் தன் முட்டைக்கு உப்பு கேட்டார். உடம்பு உருகி உருகிக் கடைசியில் தரையில் நிற்கக்கூட எடை மிஞ்சாமல் போவது அந்த நோயின் குணம்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது இப்படியும் ஒரு நாள் வந்து முடியும் என்பதில் அவர்களுக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பலவேசத்தின் மனைவி உலகம்மாளுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் எழும்பியதற்காக அல்ல. அங்கே மேலே எரிந்துகொண்டிருந்த விளக்குக்காக.

அந்த ஆஸ்பத்திரி ஒரே நீளக் கூடம். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர், இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஆனால் கூரை ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். மருந்து தின்கிறவன் பிழைத்தாலும் பிழைப்பான், மருந்து கொடுக்கிற நர்ஸும், சளிச்சட்டி கழுவுகிறவளும், தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருகிற அக்கா தங்கைகளும் ஒவ்வொருவராக இருமத் தொடங்கிவிடுவார்கள் என்று ஊரில் அந்தக் கூடத்துக்கு ஒரு பெயர் இருந்தது. சிஸ்டர் ஜெபக்கனிக்கு முன்னால் இருந்த நர்ஸ் அங்கேயே நோயாளியாகப் படுத்து அங்கேயே செத்துப்போன பிறகுதான், எந்தப் புண்ணியவானோ தானமாகக் கொடுத்த அந்த விளக்குகள் வந்தன. சுவரில், கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்தில், வெளிச்சம் மேலே மட்டும் போகும்படி தகடு வைத்து மாட்டினார்கள். "இருமுற காத்து சூடா மேல போகும், விசிறி அதைக் கிளறிவிடும், மேல போன கிருமியெல்லாம் அந்த வெளிச்சத்துல செத்துரும், சுத்தமான காத்து கீழ வரும். சூரியன்ல இருக்கிற ஒரு துண்டுதாம்மா இது. ஆனா பக்கத்துல போய் நின்னா தோல் வெந்துரும், கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி ஆயிரும்" என்று டாக்டர் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். அதுவும் பொய்யில்லை. விளக்கு வந்த பிறகு அந்தக் கூடத்தில் புதிதாக ஒருத்தரும் இருமவில்லை. என்ன செய்ய, யாரும் மேலே வர மாட்டார்கள் என்கிற நம்பிக்கையில் மாட்டிய விளக்கு அது.

வார்டு ஆள் தாணு ஓடிப்போய் விளக்கை அணைத்துவிட்டு, பின்கட்டு முருங்கையில் காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துவந்து, பலவேசத்தின் வேட்டியில் மாட்டிக் கீழே இழுத்தபோது, அவன் முகமும் தோளும் சிவந்து, கண் இரண்டும் கோவைப்பழமாக வீங்கியிருந்தன.

பிறகு மற்றவர்களும் எழும்பினார்கள். முறை வைத்தாற்போல, மெலிந்தவர் மெலிந்தவராக. கூடம் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது, மழைக்காலத்துக்கு ஒரு வீடு மாறிக்கொள்வதைப் போல. சொந்தக்காரர்கள் பழமும் ரொட்டியும் வாங்கிவருவதை விட்டுவிட்டு அம்மிக்குழவியும் படிக்கல்லும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பழைய சேலையைக் கிழித்து நோயாளியின் வயிற்றில் குழவியைக் கட்டிவிட்டு, அவன் கட்டிலோடு கிடக்கிறதைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். சிஸ்டர் ஜெபக்கனி எடை பார்ப்பதை நிறுத்திவிட்டு, காலை நேரத்தில் ஒவ்வொருவர் வயிற்றுக் கட்டுத்துணியையும் கொஞ்சம் தளர்த்தி, எவ்வளவு உயரம் எழும்புகிறார் என்று கண்ணளவில் பார்த்து, போன வாரத்தைவிடக் கீழே இருந்தால் ஸ்தோத்திரம் சொன்னாள். மருந்து ஏறியவர்கள் மெல்ல மெல்லத் தாழ்ந்து, ஒரு நாள் தரையில் கால் ஊன்றி வீட்டுக்குப் போனார்கள். ஊர் ஜனங்கள் கொஞ்ச நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பறக்கிறவனும் மற்றவர்களைப் போலவேதான் இருமுகிறான், துப்புகிறான், வீட்டை நினைத்து அழுகிறான் என்று தெரிந்ததும் அவர்களுக்குச் சலித்துப்போயிற்று.

பலவேசத்தை மட்டும் எந்தக் கல்லாலும் நிறுத்த முடியவில்லை. குழவியைக் கட்டினால் குழவியோடு எழும்பினான். ஆட்டுக்கல்லைக் கட்டினார்கள், அதையும் தூக்கிக்கொண்டு போனான். கட்டிலோடு சேர்த்து இறுக்கினால் கட்டில் நான்கு காலும் தரையை விட்டு எழும்பி, கண்டக்டர் ஆவுடையப்பனின் தலைக்கு மேலே போய் நின்றது. இருபது வயசிலிருந்து துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு கட்டி, அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் லாரியிலிருந்து இறக்கிக் கடையில் அடுக்கிய உடம்பு அது. தன் மேல் ஏற்றிய எதையும் பாரம் என்று உணர்ந்தவுடனே தூக்கிவிடுவது அதற்குப் பழக்கமாகிப் போயிருந்தது, தூக்குகிற ஆளே உருகிப்போன பிறகும். தாணு காலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான், தாணுவும் சேர்ந்து நுனிக்காலில் எழும்பினான். உலகம்மாள் கணுக்காலைப் பிடித்தபோதுதான், என்னவோ, அவன் நின்றான். கட்டிலுக்கு ஒரு சாண் மேலே, அசையாமல், சாதுவாக.

"ஊரு எடையெல்லாம் நான் தூக்கியிருக்கேன். உன்னை மட்டும் தூக்க முடியல பாத்தியா" என்று சிரித்தான் பலவேசம். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"உங்க எடையெல்லாம் எங்க போச்சுங்க? எம்புட்டுப் பெரிய ஆளு நீங்க" என்றாள் அவள்.

"எங்கயாவது எறக்கி வச்சிருப்பேன். அது கெடக்கு போ. இத்தனை வருசத்துல என் எடைய எவனாவது தூக்கியிருக்கானா சொல்லு. வச்ச எடத்துலயேதான் கெடக்கும்."

அப்படியாகத் தொடங்கியது அவள் பிழைப்பு. அவனுடைய உடம்பு அங்கே இருக்கிற மருந்தை ஏற்காத ஜாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு மருந்துக்கு எழுதிப் போட்டிருக்கிறது, வரும் என்றும் சொல்லியிருந்தார். அது வருகிறவரை அவனைக் கீழே வைத்திருக்க வேண்டும். தனி அறை என்று அங்கே ஒன்றுமில்லை. மருந்து அடுக்கி வைக்கிற கிட்டங்கி அறைக்கு ஜன்னலே கிடையாது, அவனை அங்கே போட்டு அவளும் கூட இருந்தால் அவளைக் கையோடு கொன்ற மாதிரி என்று டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். பிள்ளை குட்டி இல்லாத ஜோடி, மாற்றிப் பிடிக்கவும் ஆள் இல்லை. எனவே பீடி சுற்றுகிற தட்டை வீட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, உலகம்மாள் ஒரு கையால் அவன் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள், மறுகையால் அவனுக்கு ஊட்டினாள், தானும் தின்றாள், பிடித்தபடியே சாய்ந்து தூங்கினாள். வடக்குவாசல் செல்வி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: அவரு எழுந்து நடமாடட்டும் தாயே, உன் தராசுல அவரை உக்கார வச்சு எடைக்கு எடை வெல்லம் தாறேன். அவள் துலாபாரம் நேர்ந்திருக்கிறாள் என்று கேட்டதும் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "எடையே இல்லாத மனுசனுக்கு எதை வச்சு நிறுப்பாவ?" என்றாள். கேட்டவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் உலகம்மாளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவள் எழுந்து போக வேண்டிய நேரங்கள்தான் கூடத்துக்குக் கண்டம். குளிக்க, வெளிக்குப் போக, துணி அலச அவள் கையை விட்டால் பலவேசம் மேலே போய்விடுவான். அவன் மேலே இருக்கும்போது விளக்கு எரியக் கூடாது. தாணு விளக்கை அணைப்பான். நடக்க முடிந்தவர்கள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போவார்கள். குழவி கட்டிக் கிடப்பவர்கள் அந்தக் காற்றிலேயே கிடப்பார்கள். கல் சரிந்து யாராவது எழும்பிவிட்டால் பிடிக்க வேண்டும் என்று தாணு தொரட்டியோடு உள்ளேயே நிற்பான். அவள் முகம் சுண்டி, "இந்தா வந்துட்டேன் தம்பி" என்று ஓட்டமும் நடையுமாகப் போகும்போதெல்லாம், "மெதுவா போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன், அண்ணாச்சி என்ன ஓடியா போயிருவாவ" என்பான். அந்த நேரங்களில் பலவேசம் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயும் முதுகு வேர்வையும் கூரைச் சுண்ணாம்பில் ஊறி ஊறி, அகலத் தோளோடு ஒரு ஆள் படுத்த கணக்கில் கறையாக விழுந்தது.

ஆவுடையப்பன் முணுமுணுத்தார். "ஒருத்தன் ஏறணும்னு பஸ்ஸை நிப்பாட்டி வச்சா மத்தவன் எப்பம் வீடு போய்ச் சேருவான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். உலகம்மாளுக்கு அது காதில் விழும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் அவளைப் போட்டு வாட்டியது. நியாயம் இல்லாமல் பேசியிருந்தால் எழுந்து நன்றாக நாலு கேட்டிருப்பாள்.

தாணு இருமத் தொடங்கினான்.

முதலில் பீடிப்புகை என்றான், பிறகு மார்கழிப் பனி என்றான். பிறகு ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டுத் தொரட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவன், தொரட்டியோடு சேர்ந்து ஒரு முழம் எழும்பி, வெட்கப்பட்டவனைப் போலச் சிரித்தான். சிஸ்டர் ஜெபக்கனி ஓடிவந்து அவனைப் பிடித்து உட்காரவைத்து, சளி எடுத்து அனுப்பி, காலிக் கட்டில் ஒன்றைக் காட்டினாள். அவன் பெண்டாட்டி ஊரிலிருந்து புதுக் குழவி ஒன்றைக் கொண்டுவந்தாள், கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. உலகம்மாள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் பலவேசத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

டாக்டர் வந்து நின்றார். நல்ல மனுஷன், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கண்ணாடியைத் துடைத்தார். "அம்மா, விளக்கை இனிமே அணைக்க வேண்டாம்னு இருக்கேன்" என்றார்.

"மருந்து வந்துருமா ஐயா?"

"வரும்னுதான் சொல்றாங்க."

"அப்பம் நான் இனிமே எழுந்திரிக்கல ஐயா. விடவே மாட்டேன். நீங்க விளக்கை எரியவிடுங்க" என்றாள். விளக்கு எரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள், சோற்றைக் குறைத்தாள், சிஸ்டர் ஒரு மறைப்புத் திரையும் சட்டியும் கொண்டுவந்து வைத்தாள். காலை வெயில் ஏறும்போது மட்டும், நோயாளிகளை முற்றத்தில் உட்காரவைக்கிற வழக்கப்படி, அவன் கணுக்காலைப் பிடித்துத் தலைக்கு மேலே நடத்திக்கொண்டு வெளியே வருவாள். வெயிலில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். வெளியே விளக்கும் இல்லை, கூரையும் இல்லை, இருமினாலும் காற்று கொண்டுபோய்விடும். அந்தக் கொஞ்ச நேரம்தான் உலகம்மாள் நிமிர்ந்து மூச்சு விட்டாள்.

விடும்போதுதான் நெஞ்சில் என்னவோ உரசியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருமல் வந்தால் பல்லைக் கடித்து விழுங்கினாள். எவ்வளவு நேரம் அவன் மூச்சுக்குப் பக்கத்தில் இருந்தவள். மேலே இருக்கிற விளக்கு எவ்வளவுதான் வேலை செய்தாலும் முகத்துக்கு நேரே வந்த மூச்சை என்ன செய்யும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட அடக்கினாள். இருமினால் இரண்டு கையாலும் துணியை வைத்து வாயை இறுகப் பொத்த வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் காவல் என்று சிஸ்டர் ஜெபக்கனி வந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவளுக்கு இரண்டு கை ஏது.

யாரை ஏமாற்றினாலும் பலவேசத்தை ஏமாற்ற முடியவில்லை. வாழ்நாள் முழுக்கப் பாரத்தைத் தோளாலும் கையாலும் அறிந்தவன். முற்றத்து வெயிலில் ஒரு நாள், கண்ணைத் திறக்காமலே, "ஏட்டி உலகு, உன் பிடி லேசா இருக்கே" என்றான்.

"கை மரத்துப் போச்சுங்க."

"மரத்த கை கனக்கும். இது லேசா இருக்கு. போன வாரத்துக்கு இந்த வாரம் கொறஞ்சிருக்கு." கண்ணைத் திறந்து கீழே பார்த்தான். "எப்பத்துல இருந்து?"

அவள் பல்லை இறுகக் கடித்தாள். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும்.

"எனக்கு மருந்து இல்ல. உனக்கு இருக்கும். தாணுவுக்கு ஏறுதுல்லா, உனக்கும் ஏறும். டாக்டர்ட்ட சொல்லு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. பலவேசம் தோளில் கிடந்த துண்டை, சந்தையில் சும்மாடு கட்டிய அதே பழுப்புத் துண்டை, எடுத்துக் கீழே நீட்டினான்.

"இந்தா. அடக்காதட்டி. நெஞ்சு கிழிஞ்சிரும். சிஸ்டர் சொல்லிக் குடுத்த மாதிரி ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு இருமு."

"விட்டா நீங்க…" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கே இருமல் கிளம்பிவிட்டது. அடிவயிற்றிலிருந்து வந்த இருமல், வாரக்கணக்காக விழுங்கி வைத்ததெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்த இருமல். பக்கத்தில் தாணுவின் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். உலகம்மாள் இரண்டு கையாலும் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்து, இருமி இருமி, மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது, துண்டில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. மேலே வேப்பமரத்துக்கும் உயரத்தில் பலவேசம் போய்க்கொண்டிருந்தான். கை கால் ஆட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. மல்லாந்து படுத்தபடி, மூட்டையை எல்லாம் இறக்கி முடித்த சாயங்காலங்களில் லாரி மேல் படுத்துக்கொண்டு போவானே, அப்படிப் போனான். அவள் கை தானாக விட்டதா, அவன் காலை உருவிக்கொண்டானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரியாததை நினைத்து நினைத்துத்தான் மிச்ச நாளெல்லாம் அழுதாள்.

தாணுவின் பெண்டாட்டிதான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்போதே உலகம்மாள் பாதி எடைதான் இருந்தாள்.

பெண்கள் பக்கத்தில் கட்டில் கொடுத்தார்கள். தாணு தரையில் கால் ஊன்றிவிட்டதால் அவனுடைய குழவியையே இவள் வயிற்றில் கட்டினார்கள். விளக்கை அதற்குப் பிறகு யாரும் அணைக்கவில்லை. அணைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தடுப்புச் சுவருக்கு மேலே, நீல வெளிச்சத்தில், கூரையில் பலவேசத்தின் கறை அவளுக்குப் படுத்தபடியே தெரிந்தது. அகலத் தோள், தலை இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம். அதையே பார்த்துக்கொண்டு மருந்தை விழுங்கினாள், முட்டையைத் தின்றாள். வெயிலில் கிடக்கிற துணி வெளுக்கிற மாதிரி அந்தக் கறை அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. அவள் மூச்சைச் சுத்தமாக்கி அவளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்த விளக்குதான் அதையும் செய்தது. ஒரு நாள், "சிஸ்டர், அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் அமத்துங்களேன்" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். சிஸ்டர் ஜெபக்கனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, அவளோடு சேர்ந்து தானும் கொஞ்ச நேரம் அழுதாள். உலகம்மாள் தரையில் கால் ஊன்றி எழுந்த அன்று கூரை வெறும் சுண்ணாம்பாக இருந்தது. பலவேசத்துக்கு என்று எழுதிப் போட்ட மருந்து அதற்கும் பிறகுதான் வந்து சேர்ந்தது.

நேர்ந்துகொண்டது பலித்தால்தானே நேர்த்திக்கடன், அம்மன் கேட்க மாட்டாள், விட்டுவிடு என்றார்கள். உலகம்மாள் கேட்கவில்லை. "அவரு நடமாடல. நான் நடமாடுதேம்லா. நான் உக்காருதேன்" என்றாள். சந்தைச் சுமைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, அவள் மெலிவைப் பார்த்து அதற்குத் தக்கபடி வெல்லம் கொண்டுவந்தார்கள். தாணுவும் வந்திருந்தான், பெண்டாட்டியோடு.

வடக்குவாசல் செல்வி கோயில் தராசில், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உலகம்மாள் ஏறி உட்கார்ந்தாள். அவனுடைய பழுப்புத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். கொண்டுவந்தது எல்லாம் வைத்தாயிற்று. தட்டு அசையவில்லை. பூசாரி தராசின் முள்ளைத் தட்டிப் பார்த்தார். சுமைக்காரர்கள் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி ஒரு மூட்டை கொண்டுவந்தார்கள், வைத்தார்கள், அசையவில்லை. இன்னொரு மூட்டை வந்தது. அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம் வைத்த பிறகுதான் உலகம்மாள் இருந்த தட்டு தரையை விட்டு முனகிக்கொண்டு எழும்பியது.

பலவேசத்தோடு ஜோடியாக மூட்டை பிடித்த கிழட்டுச் சுமைக்காரர் ஒருவர், எதிர்த்தட்டில் இருந்த வெல்லத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யம்மா, இது உன் எடை மட்டும் இல்லம்மா" என்றார்.

உலகம்மாள் மடியில் இருந்த சும்மாட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். தொடை நோகக் கனத்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாக மூச்சு வந்தது.

"நிறுத்தாச்சு தாயே, எறங்கு" என்றார் பூசாரி.

"கொஞ்ச நேரம் இருந்துக்கிடுதேன் சாமி" என்றாள் அவள். "அவரு இப்பம்தான் எறக்கி வச்சிருக்காரு."